நாய்களுக்கான ஃபுளோரோஸ்கோபி: விழுங்குதலையும் மூச்சையும் திரையில் கண்ட வரலாறு

ஃபுளோரோஸ்கோபி என்பது எக்ஸ் கதிர்களைக் கொண்டு உடலின் உட்புறத்தை அசையும் காட்சியாகப் பார்க்கும் முறை. சாதாரண எக்ஸ் ரே படம் ஒரு கணத்தை மட்டும் பிடித்து நிறுத்துகிறது. ஃபுளோரோஸ்கோபியில் அந்தக் கணத்துக்கு முன்னும் பின்னும் நடப்பதைச் சேர்த்துப் பார்க்கலாம். எலும்பு முறிவைக் காண நிலைப்படம் போதும். விழுங்குவதும் இருமுவதும் அப்படியல்ல. அவை நிகழ்ச்சிகள், தொடங்கி முடிய ஒரு நொடிகூட ஆகாதவை அவற்றில் உண்டு. அதனால்தான் நாய்களின் தொண்டை, உணவுக்குழாய், மூச்சுக்குழாய் ஆகியவற்றில் வரும் சில நோய்களைக் கண்டறிய இம்முறை இன்றியமையாததாக உள்ளது.

விழுங்குதலைத் திரையில் பார்த்த வரலாறு ஒரு நாயிடமிருந்தே தொடங்குகிறது. ஆனால் அந்த அறிவு நோயுற்ற நாய்களுக்கு முழுமையாகப் பயன்பட நெடுங்காலம் ஆயிற்று. இடையில் ஒரு நோயைப் பற்றிய கருத்து ஒருமுறை ஒரு பக்கமும், மறுமுறை எதிர்ப்பக்கமும் சாய்ந்தது. அந்தச் சாய்வுகளுக்கு ஏற்ப நாய்கள் அறுவைக்கு உள்ளாயின, அல்லது சிகிச்சையே இல்லை என்று கைவிடப்பட்டன. அக்கதையே இக்கட்டுரையின் மையம்.

திரை முதலில், படம் பிறகு

எக்ஸ் கதிர் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் வழக்கமாகக் காட்டும் படம் ஒன்று உண்டு: மோதிரம் அணிந்த ஒரு கையின் எலும்புகள். அது ராண்ட்ஜனின் மனைவி அன்னா பெர்த்தாவின் கை. 1895 டிசம்பர் 22 அன்று எடுக்கப்பட்டது. வகுப்பறையில் நானும் பல ஆண்டுகள் அந்தப் படத்திலிருந்துதான் பாடத்தைத் தொடங்கினேன். உண்மையில் கண்டுபிடிப்பு அந்தப் படத்துக்கு ஆறு வாரங்கள் முந்தியது. 1895 நவம்பர் 8 அன்று ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில், கருப்புத் தாளால் மூடிய வெற்றிடக் குழாய்க்குச் சற்றுத் தள்ளியிருந்த பேரியம் பிளாட்டினோசயனைடு பூசிய திரை ஒளிர்வதை ராண்ட்ஜன் கண்டார். புகைப்படத் தகட்டுக்கு முன்பே ஒளிரும் திரைதான் எக்ஸ் கதிரைக் காட்டிக்கொடுத்தது. ஃபுளோரோஸ்கோபி, எக்ஸ் ரே படத்தின் தம்பி அல்ல, அண்ணன்.

1896-இன் தொடக்க மாதங்களிலேயே இத்தாலியில் சால்வியோனி என்பவர் கண்ணில் வைத்துப் பார்க்கும் திரைக்கருவி ஒன்றைச் செய்தார். அமெரிக்காவில் தாமஸ் எடிசன் பல வேதிப்பொருள்களைச் சோதித்து, கால்சியம் டங்ஸ்டேட் பூசிய திரை நன்றாக ஒளிர்கிறது என்று கண்டு தன் கருவிக்கு ஃபுளோரோஸ்கோப் என்று பெயரிட்டார். அதன் விலையைக் கொடுத்தவர் அவருடைய உதவியாளர் கிளாரன்ஸ் டாலி. குழாயைச் சோதிக்கத் தன் கையையே திரைக்கும் கதிருக்கும் நடுவில் மீண்டும் மீண்டும் நீட்டியவர் அவர். கைகள் புண்ணாகி, அவற்றை வெட்டி எடுத்தும் பயனின்றி 1904-இல் இறந்தார். எடிசன் அதன் பின் எக்ஸ் கதிர்ப் பணியைத் தொடவில்லை.

நாய் விழுங்கிய முத்துப் பொத்தான்

1896 இலையுதிர் காலத்தில் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவராகச் சேர்ந்தவர் வால்டர் பிராட்ஃபோர்ட் கேனன். உடலியங்கியல் பேராசிரியர் ஹென்றி பௌடிச், புதிய கதிரைக் கொண்டு விழுங்குதலை ஆராய்ந்தால் என்ன என்று அவரிடமும் அவருக்கு ஓராண்டு மூத்த மாணவர் ஆல்பர்ட் மோசரிடமும் கேட்டார். அக்காலத்தில் விழுங்குதல் பற்றி ஒரு வழக்கு இருந்தது. வாயின் தசைகளே உணவைப் பிச்சாங்குழாய் நீரைப்போல ஒரே வீச்சில் இரைப்பைக்குப் பீய்ச்சிவிடுகின்றன என்று குரோனெக்கர், மெல்ட்சர் ஆகியோர் கூறியிருந்தனர். உணவுக்குழாயின் தசைகள் அலைபோல் சுருங்கிக் கவளத்தைத் தள்ளுகின்றன என்பது மற்றவர் கருத்து.

1896 டிசம்பர் 9 அன்று முதல் சோதனை நடந்தது. நாய் ஒன்று ஒரு முத்துப் பொத்தானை விழுங்கியது. அது உணவுக்குழாய் வழியாக இறங்குவதை மாணவர்கள் திரையில் பார்த்தனர். அந்த மாத இறுதியில் பாஸ்டனில் அமெரிக்க உடலியங்கியல் கழகத்தின் கூட்டத்தில் செய்து காட்டியபோது வாத்துக் குடும்பத்தைச் சேர்ந்த நீண்ட கழுத்துப் பறவை ஒன்றைப் பயன்படுத்தினர். கழுத்து நீளமாக இருந்தால் பார்க்க நேரம் கிடைக்கும் அல்லவா! பொத்தான் போன்ற கடினப் பொருளை விட்டு, எக்ஸ் கதிரைத் தடுக்கும் பிஸ்மத் உப்பை உணவோடு கலந்து கொடுக்கும் வழக்கமும் அப்போதே வந்துவிட்டது.

1898-இல் வெளியான அவர்களின் கட்டுரை பழைய வழக்கை ஒரு வரியில் தீர்த்துவிடவில்லை. விழுங்கும் விதம் விலங்குக்கு விலங்கு மாறுகிறது, உணவு நீர்மமா கெட்டியா என்பதைப் பொறுத்தும் மாறுகிறது என்பதே அவர்கள் கண்டது. இன்றைய கால்நடை மருத்துவருக்கு இந்த இரண்டாம் பாதி மிக முக்கியம். தண்ணீரை எளிதாக விழுங்கும் நாய் கெட்டி உணவில் திணறலாம்; கெட்டி உணவை விழுங்குவது தண்ணீரில் புரையேறலாம். எனவேதான் பரிசோதனையில் மூன்று வகை உணவு தரப்படுகிறது.

கேனன் பிறகு பூனையின் இரைப்பையைப் பார்த்தார். பூனை கலவரமடைந்தாலோ சீறினாலோ இரைப்பையின் அசைவு சட்டென்று நின்றுவிடுவதைக் கண்டார். அமைதியானதும் அசைவு மீண்டும் தொடங்கியது. அச்சமும் சினமும் உடலை என்ன செய்கின்றன என்ற அவருடைய பிற்கால ஆய்வுகளுக்கு, ‘போராடு அல்லது ஓடு’ என்று இன்று பாடநூல்களில் வரும் கருத்துக்கு, விதை விழுந்தது இங்கேதான். பயந்த விலங்கின் செரிமான உறுப்புகள் தம் இயல்பைக் காட்டா என்ற இச்செய்தியை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழித்து அது ஒரு பெட்டியின் வடிவில் திரும்பி வரும்.

இருட்டறையும் பேரியமும்

பிஸ்மத் உப்பு சில நோயாளிகளுக்கு நஞ்சாயிற்று. 1910-இல் ஜெர்மனியின் பான் நகரில் பாஹெம், குந்தர் என்போர் பேரியம் சல்பேட்டை முன்வைத்தனர். வேதியியல் படிக்கும் மாணவர் இங்கே ஒரு நிமிடம் நிற்கலாம். பேரியம் நஞ்சு, அதன் கார்பனேட் எலி மருந்தாகப் பயன்பட்டது. ஆனால் பேரியம் சல்பேட் நீரிலும் இரைப்பை அமிலத்திலும் கரையாது. கரையாதது குருதியில் சேராது. உள்ளே போனபடியே வெளியே வந்துவிடும். இன்றும் நாய்க்கும் மனிதனுக்கும் அதே வெள்ளைப் பால்தான்.

திரையின் ஒளி மிக மங்கல். மருத்துவர் இருட்டில் அரை மணி நேரம்வரை உட்கார்ந்து கண்ணைப் பழக்கிக்கொண்ட பின்பே பார்க்க முடியும். 1916-இல் டிரெண்டலன்பர்க் என்பவர் சிவப்புக் கண்ணாடி அணியும் வழியைச் சொன்னார். மங்கிய ஒளியில் வேலை செய்யும் கண்ணின் குச்சிச் செல்களைச் சிவப்பொளி அதிகம் தூண்டாது. ஆகவே சிவப்புக் கண்ணாடியுடன் வெளியே நடமாடிக்கொண்டே கண்ணை இருட்டுக்குத் தயார் செய்யலாம். ஆனால் குச்சிச் செல்களால் நுட்பமான விவரங்களைப் பிரித்துக் காண முடியாது. அப்படிப்பட்ட கண்ணுக்கு, துள்ளும் நாய் ஒன்றின் தொண்டையில் நொடிக்கும் குறைவாக நடக்கும் அசைவு எப்படிப் புலப்படும்? இருட்டறையில் கதிருக்கு நடுவே நாயைப் பிடித்துக்கொள்பவரின் கைகளும் கூடவே வெந்தன.

1948-இல் அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தில் ஜான் கோல்ட்மன் உருவாக்கிய பட ஒளிபெருக்கி இந்த நிலையை மாற்றியது. திரையின் ஒளியை எலக்ட்ரான்களாக மாற்றி, அவற்றை மின்புலத்தால் முடுக்கி, சிறு திரையொன்றில் மோதவிட்டுப் பல மடங்கு பிரகாசமாக்கும் கருவி அது. அதனோடு சினிமாப் படச்சுருளும் பின்னர் தொலைக்காட்சியும் இணைந்தன. விளக்கு எரியும் அறையில் பார்க்கலாம். பதிவு செய்து, நிறுத்தி, திரும்பவும் ஓட்டலாம். நாய்களின் விழுங்குதலைப் பொறுத்தவரை உண்மையான தொடக்கம் இதற்குப் பிறகுதான்.

நாய் எப்படி விழுங்குகிறது?

1979-இல் பார்பரா வாட்ரஸும் பீட்டர் சூட்டரும் நலமான நாய்கள் விழுங்குவதைப் படச்சுருளில் பதிந்து, கட்டம் கட்டமாக விவரித்தனர். நோயை அடையாளம் காண இயல்பு எதுவென்று முதலில் தெரியவேண்டும். அடுத்த சில ஆண்டுகளில் அவர்களே நோயுற்ற நாய்களின் விழுங்குதலையும் வகைப்படுத்தினர்.

நாக்கு உணவைக் கவளமாக்கிப் பின்னுக்குத் தள்ளுவது முதல் கட்டம். தொண்டைத் தசைகள் கவளத்தைப் பிழிய, குரல்வளை மூடி மூச்சு வழியை அடைக்க, உணவுக்குழாயின் மேல்வாயிலில் உள்ள சுருக்குத்தசை தளர்ந்து வழிவிடுவது இரண்டாம் கட்டம். நாயில் இது நொடியின் ஒரு பகுதியிலேயே முடிந்துவிடும். அலை இயக்கத்தால் கவளம் கீழே இறங்கி, கீழ்வாயில் திறந்து, இரைப்பைக்குள் சேர்வது மூன்றாம் கட்டம்.

இரண்டாம் கட்டத்தில் வரும் கோளாறு குட்டி பால்குடி மறக்கும் பருவத்திலேயே தெரியும். மீண்டும் மீண்டும் விழுங்க முயலும்; உணவு வாயிலிருந்து விழும்; பால் மூக்கு வழியே வரும்; புரையேறும். இக்குறி தரும் காரணங்களில் இரண்டு ஒன்றுக்கொன்று எதிரானவை. ஒன்றில் தொண்டை வலுவாகப் பிழிகிறது. ஆனால் மேல்வாயில் தசை தளர மறுக்கிறது. மற்றொன்றில் வாயில் சரியாகத் திறக்கிறது. தொண்டைக்குத்தான் பிழியும் வலுவில்லை. முதல் வகைக்கு அந்தத் தசையை வெட்டிவிட்டால் குட்டி அன்றே விழுங்கத் தொடங்கலாம். இரண்டாம் வகைக்கு அதே தசையை வெட்டினால், உணவு திரும்பி மேலேறாமல் காத்த கடைசிக் கதவும் போய்விடும்; நுரையீரலுக்குள் உணவு புகுந்து நிலைமை மோசமாகும். வெளியிலிருந்து பார்த்தால் இரு குட்டிகளும் ஒரே மாதிரித் திணறும். எந்தக் குட்டியை மேசையில் ஏற்றுவது என்பதைத் திரைதான் சொல்லும்.

எதுக்களிப்பும் பெருத்த உணவுக்குழாயும்

தமிழில் வாந்திக்கும் எதுக்களிப்புக்கும் தனித்தனிச் சொற்கள் உள்ளன. நாய் வளர்ப்போர் இரண்டையும் ஒன்றாக ‘வாந்தி எடுக்கிறது’ என்று சொல்லிவிடுகிறார்கள். வாந்தியில் வயிறு குமுறி, உணவு இரைப்பையிலிருந்து முயற்சியோடு வெளியேறும். எதுக்களிப்பில் முயற்சியே இருக்காது. நாய் தலையைத் தாழ்த்தும், உணவுக்குழாயிலேயே தங்கியிருந்த உணவு செரிக்காத நிலையில் வழிந்து விழும். பின்னதற்கு முக்கியமான காரணம், உணவுக்குழாய் தளர்ந்து பை போல் பெருத்துவிடும் நோய். இந்நோயுள்ள நாய்களைப் பெரும்பாலும் கொல்வது பட்டினி அல்ல. எதுக்களித்த உணவு புரையேறி வரும் நிமோனியாவே.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மருத்துவர்கள் இதை மனிதருக்கு வரும் அகலேசியா என்ற நோயாகவே கருதினர். அச்சொல்லின் பொருள் ‘தளராமை’. கீழ்வாயிலில் உள்ள சுருக்குத்தசை தளராததால் மேலே உணவு தேங்கி, குழாய் பெருத்துவிடுகிறது என்பது விளக்கம். மனிதருக்கு இதற்காக 1913-இல் ஜெர்மன் அறுவை மருத்துவர் எர்ன்ஸ்ட் ஹெல்லர் தொடங்கிவைத்த அறுவை ஒன்று இருந்தது: கீழ்வாயில் தசையைக் கீறித் தளர்த்துவது. அதையே நாய்க்குட்டிகளுக்கும் செய்தனர்.

ஆனால் நாயின் உணவுக்குழாய் மனிதனுடையதைப் போன்றதல்ல. மனிதனில் கீழ்ப்பகுதி வரியற்ற தசையால் ஆனது. நாயில் ஏறத்தாழ முழு நீளமும் வரித்தசை, அதாவது கைகால்களில் உள்ள வகை. 1970-களில் அழுத்தமானியை உணவுக்குழாய்க்குள் செலுத்தி அளந்தவர்கள், பெரும்பாலான நாய்களில் கீழ்வாயில் இறுகியிருக்கவில்லை என்று கண்டனர். கனடாவின் டொராண்டோவில் நிக்கோலஸ் டயமன்ட் குழுவினர் 1973-இல் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பே, நாயின் இந்நோய் மனித அகலேசியாவுக்குத் தகுந்த மாதிரி அல்ல என்று அறிவித்தது. கோளாறு கதவில் இல்லை, குழாயின் அசைவில்தான் என்றாயிற்று. திறந்திருக்கும் கதவை எதற்காக வெட்டவேண்டும்? அறுவை கைவிடப்பட்டது.

இந்தத் திருத்தத்தால் நன்மைகள் விளைந்தன. குழாய் வரித்தசை என்றால் வரித்தசையைத் தாக்கும் நோய்களைத் தேட வேண்டும் அல்லவா? நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி கடக்கும் இடத்தை உடலின் எதிர்ப்புச் சக்தியே தாக்கும் மையஸ்தீனியா கிராவிஸ், வளர்ந்த நாய்களில் வரும் இந்நோய்க்கு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு காரணம் என்று தெரியவந்தது. அதை இரத்தப் பரிசோதனையால் அறியலாம், மருந்தும் உண்டு. இளங்குட்டிகளில் இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி பிறவியிலேயே தவறான பக்கம் வளைந்து உணவுக்குழாயைக் கட்டிப்போடுவதும் ஒரு காரணம். அப்போது பேரியப்பால் இதயத்துக்கு மேலே மட்டும் தேங்கி நிற்கும். இதற்கு அறுவை உதவும்.

ஆனால் காரணம் அகப்படாத நாய்களுக்குக் கிடைத்த பதில், ‘ஒன்றும் செய்வதற்கில்லை, நிமிர்த்தி வைத்து ஊட்டுங்கள்’ என்பதே. இதற்காக நாயை மனிதனைப்போல் உட்காரவைக்கும் பெய்லி நாற்காலி என்ற சாதனம் உண்டு. குழாய் தள்ளாததைப் புவியீர்ப்பு கீழே இறக்கும் என்பது அதன் தத்துவம். எளிய சாதனம்தான், பல நாய்களை அது ஆண்டுக்கணக்கில் காப்பாற்றியிருக்கிறது. அது போதாத நாய்கள் கருணைக்கொலைக்குச் சென்றன.

பெட்டிக்குள் நின்று உண்ணும் நாய்

இதுவரை பரிசோதனை எப்படி நடந்தது என்று பார்ப்போம். நாயை மேசையில் பக்கவாட்டில் படுக்கவைத்து, இருவர் பிடித்துக்கொள்ள, பேரியத்தை ஊசியில்லாத சிரிஞ்சால் வாயில் செலுத்துவார்கள். எந்த நாய் படுத்துக்கொண்டு, கைகால் பிடிபட்ட நிலையில் உண்கிறது? மயக்க மருந்து கொடுத்தால் உணவுக்குழாயின் அசைவே குறையும். படுத்த நிலையில் கவளம் கழுத்துப் பகுதியைக் கடப்பது தாமதமாகிறது என்று நலமான நாய்களைக் கொண்டே 2009-இல் காட்டினர். நோயில்லாத நாய்க்கும் நோய் இருப்பதாகத் தோன்ற இது போதும்.

அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் 2017-இல் ஒரு சீரான முறையை வெளியிட்டனர். எக்ஸ் கதிர் ஊடுருவும் ஒளிபுகும் பிளாஸ்டிக்கில், நாயின் அளவுக்கேற்பக் கூண்டுப் பெட்டிகள் செய்தனர். நாய் அதற்குள் யாரும் பிடிக்காமல் நிற்கும். முன்னால் கிண்ணம். முதலில் பேரியம் கலந்த நீர்மம், பிறகு குழைவான உணவு, பிறகு பேரியம் பூசிய உலர்தீனி. தானாக உண்ணும்போது பக்கவாட்டிலிருந்து நொடிக்கு 30 படம் வீதம் பதிவாகும். பசியோடு வந்த நாய் சில நிமிடங்களில் பெட்டியைப் பொருட்படுத்தாமல் உண்ணத் தொடங்கிவிடும். சீறும் பூனையிடம் கேனன் 1890-களில் கண்ட உண்மைக்கு இவர்கள் தகரமும் ஆணியும் இன்றி ஒரு வீடு கட்டிக்கொடுத்தார்கள் என்று சொல்லலாம். ஆட்கள் தள்ளி நிற்பதால் அவர்கள்மீது படும் கதிரும் குறைகிறது.

இப்படி நிமிர்ந்து நின்று உண்ணும் நாய்களைப் பார்த்தபோது எதிர்பாராத காட்சி கிடைத்தது. சில நாய்களில் நாய் விழுங்குகிறது, ஆனால் கீழ்வாயில் திறக்கவில்லை. பேரியம் பறவையின் அலகு போல் கூம்பி நிற்கிறது. மனித அகலேசியாவில் மருத்துவ மாணவர்கள் மனப்பாடம் செய்யும் அதே அலகு வடிவம். மேகன் கிராப்மன், கரோல் ரெய்னீரோ ஆகியோர் அடங்கிய குழு இதை 2019-இல் அகலேசியா போன்ற நோய்க்கூட்டம் என்று பெயரிட்டு விவரித்தது. 1950-களின் மருத்துவர்கள் முழுதும் தவறவில்லை. எல்லா நாய்க்கும் அதுவே என்று எண்ணியது தவறு. 1970-களின் மருத்துவர்களும் தவறவில்லை. ஒரு நாய்க்கும் அது இல்லை என்று எண்ணப்பட்டதே தவறு. இரு தரப்புக்கும் குறைவாக இருந்தது, நாய்க்கு நாய் பிரித்துப் பார்க்கும் வழிதான்.

அதே ஆண்டில் அதே குழு சிகிச்சை முடிவுகளையும் வெளியிட்டது. கீழ்வாயிலைப் பலூனால் விரித்தல், தசையைத் தற்காலிகமாகத் தளர்த்தும் போட்டுலினம் நஞ்சை அங்கே ஊசியாக இடுதல், அதன் பயன் தேய்ந்த பின் நிலையான தீர்வாக அறுவை. அந்த அறுவை, ஹெல்லர் 1913-இல் செய்ததன் வழித்தோன்றல். உணவு மேலேறாமல் தடுக்க இரைப்பையின் ஒரு மடிப்பைச் சேர்த்துத் தைப்பது மட்டும் கூடுதல். கைவிடப்பட்ட கத்தி அரை நூற்றாண்டுக்குப் பின் திரும்ப எடுக்கப்பட்டது. இம்முறை யாருக்கு என்று பார்த்து.

மூச்சுக்குழாய்: எந்த நேரத்தில், எந்த இடத்தில்?

யார்க்‌ஷயர் டெரியர், பொமரேனியன், சிவாவா போன்ற சிற்றினங்களில் நடுவயதில் ஓர் இருமல் வரும். வாத்து கத்துவது போன்ற வறண்ட ஒலி. உற்சாகத்திலோ கழுத்துப்பட்டையை இழுக்கும்போதோ அது அதிகமாகும். நாயின் மூச்சுக்குழாயை ஏறத்தாழ 35 முதல் 45 வரையிலான குருத்தெலும்பு வளையங்கள் தாங்குகின்றன. வளையங்கள் முழு வட்டமல்ல. மேற்புறம் திறந்தவை, அத்திறப்பை ஒரு மெல்லிய சவ்வும் தசையும் மூடுகின்றன. குருத்தெலும்பு வலுவிழந்தால் வளையம் தட்டையாகிச் சவ்வு உள்ளே தொங்கிக் குழாயை அடைக்கிறது.

ஆனால் எப்போதும் அடைப்பதில்லை. இங்கேதான் நிலைப்படம் ஏமாற்றுகிறது. மூச்சை இழுக்கும்போது கழுத்துப் பகுதிக் குழாய்க்குள் அழுத்தம் குறைகிறது. வலுவிழந்த கழுத்துக்குழாய் அப்போது சப்பையாகும். மூச்சை விடும்போதும் இருமும்போதும் மார்புக்குள் அழுத்தம் கூடுகிறது. மார்புப் பகுதிக் குழாய் அப்போது நசுங்கும். காகிதத்தில் செய்த உறிஞ்சுகுழல் ஈரமான பின் இளநீரை வேகமாக உறிஞ்சினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். கழுத்துப் பகுதியில் நடப்பது அதுதான். நாய் மூச்சை இழுக்கும் கணத்தில் எடுத்த படத்தில் மார்புக் குழாய் நலமாகவே தோன்றும்.

கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்திலிருந்து 2007-இல் வெளியான ஆய்வு, மூச்சுக்குழாய் நசுங்கிய 62 நாய்களில் இரு முறைகளையும் ஒப்பிட்டது. நிலைப்படம் 8 சதவீத நாய்களில் நோயையே காட்டவில்லை. 44 சதவீத நாய்களில் நசுங்கும் இடத்தைத் தவறாகக் காட்டியது. இடம் தவறினால் என்ன? மருந்தும், எடைக் குறைப்பும், கழுத்துப்பட்டைக்குப் பதில் மார்புப்பட்டையும் போதுமான நாய்க்கு அதனால் பெரிய கேடில்லை. மருந்து பலிக்காத நாய்க்குக் குழாயினுள் உலோக வலைக்குழல் பொருத்தும் நிலை வரும்போது, அது எங்கிருந்து எங்குவரை இருக்கவேண்டும் என்பது உயிர்ப் பிரச்சினை. வலைக்குழலைப் பொருத்துவதும் பெரும்பாலும் திரையைப் பார்த்துக்கொண்டேதான்.

பரிசோதனையில் நாயை இருமவைக்க வேண்டும்; மருத்துவர் கழுத்தின் அடிப்பகுதியை மெல்ல அழுத்துவார். அமைதியான மூச்சு, வேகமான மூச்சு, இருமல் மூன்றும் பதிவாகும். மயக்க மருந்து தேவையில்லை என்பது மூச்சுத் திணறும் நாய்க்குப் பெரிய நன்மை. குழாய்க்குள் உள்நோக்கி செலுத்திப் பார்க்கும் முறை இன்னும் துல்லியம். சிறு கிளைக்குழாய்களையும் காட்டும். அதற்கு நாயை மயக்க வேண்டும்.

இருமலுக்கு வந்த நாய், உண்ணும்போது

மூச்சு வழியும் உணவு வழியும் தொண்டையில் ஒன்றையொன்று கடக்கின்றன. தனித்தனி நோய்களாகப் படித்தவை நாயின் உடலில் தனித்தனியாக இருப்பதில்லை. பக், பிரெஞ்சு புல்டாக் போன்ற சப்பை மூக்கு இனங்கள் இதற்கு எடுத்துக்காட்டு. குறுகிய மூக்கும் நீண்ட மெல்லண்ணமும் மூச்சைத் தடுக்க, நாய் பலமாக இழுக்கிறது. அந்த இழுப்பில் மார்புக்குள் உண்டாகும் குறை அழுத்தம் இரைப்பையின் மேற்பகுதியை உதரவிதானத்தின் துளை வழியே மார்புக்குள் உறிஞ்சுகிறது. அடுத்த கணம் அது கீழே இறங்கிவிடும். நிலைப்படம் எடுக்கும் கணத்தில் இரைப்பை தன் இடத்தில் இருந்தால் ‘குறை எதுவுமில்லை’ என்று எழுதப்படும். விளம்பரத்தில் கண்டு ஆசைப்பட்டு பக் வாங்கிய வீடுகள் நம் ஊரிலும் உண்டு. அந்தச் செல்ல முகத்தின் குறட்டையும் நுரைத்த எச்சிலும் ‘இந்த இனத்துக்கு இயல்பு’ என்றே அங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

மிசௌரிக் குழு இருமலுக்காக மட்டும் கொண்டுவரப்பட்ட, செரிமானக் குறை எதுவும் சொல்லப்படாத நாய்களையும் பெட்டிக்குள் நிற்கவைத்து உண்ணச் சொன்னது. அவற்றில் பெரும்பாலானவற்றில் விழுங்குதலிலோ, உணவு மேலேறுவதிலோ ஏதோ ஒரு கோளாறு தெரிந்தது. இருமல் மருந்து வருடக்கணக்கில் பலிக்காத நாய்க்குப் பிரச்சினை தட்டில் இருந்திருக்கலாம்.

எல்லைகள்

இக்கருவி பெரும்பாலும் கால்நடைப் பல்கலைக்கழக மருத்துவமனைகளிலும் பெரிய சிறப்பு மருத்துவமனைகளிலும் மட்டுமே உள்ளது. பேரியம் புரையேறும் அபாயம் உண்டு. ஏற்கெனவே நிமோனியா உள்ள நாய்க்கு முதலில் அதைக் குணப்படுத்துவதே முறை. உண்ண மறுக்கும் நாயிடம் விழுங்கும் பரிசோதனை பலிக்காது. அறையில் இருப்போர் ஈய மேலங்கியும் கழுத்துக் கவசமும் அணிகிறார்கள். ஒரு மீட்டர் தள்ளி நிற்பவர் இரண்டு மீட்டருக்கு நகர்ந்தால் படும் கதிர் ஏறத்தாழ நான்கில் ஒன்றாகும். இந்தப் பாதுகாப்பு வழக்கத்தில் இல்லாத காலத்தில் திரைமுன் நின்ற கேனன், இறுதிக் காலத்தில் அந்தக் கதிர்களால் வந்ததாகக் கருதப்படும் கடும் தோல் நோயால் வருந்தி 1945-இல் காலமானார்.

திரை அசைவைக் காட்டும். அசைவு ஏன் கெட்டது என்பதைச் சொல்லாது. பெருத்துத் தளர்ந்த உணவுக்குழாயைத் திரையில் கண்ட மருத்துவர் அடுத்து இரத்தம் எடுத்து, மையஸ்தீனியாவுக்கான எதிர்ப்பொருளையும், அட்ரினல் சுரப்பியின் குறைபாட்டையும் தேடச் சொல்வார்.